கொதி வரும் பின்னே, ஓசை வரும் முன்னே

நூலகர் தன் சால்வையைக் கழற்றிக் மின்சாரக் கெட்டிலுக்குப் போர்த்தி, ஓரங்களை அடியில் செருகிக்கொண்டிருந்தபோது, கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை கட்டும் பைண்டர் உள்ளே வந்தார்.

"என்ன மேடம், அதுக்கு உடம்பு சரியில்லையா?"

"உஷ்! மெதுவாப் பேசுங்க அண்ணே."

பைண்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "காய்ச்சலா? எவ்வளவு இருக்கு?"

"நூறை நோக்கிப் போய்க்கிட்டிருக்கு. அதுக்குள்ளயே இந்தக் கத்து கத்துது."

சால்வைக்கு அடியில் கெட்டில் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. போர்த்தியதால் சத்தம் குறைந்த மாதிரி தெரியவில்லை. மூக்கடைத்தவர் மூச்சுவிடுகிற மாதிரி ஆகியிருந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் சால்வையின் நடுவில் ஈரம் பூத்து, வட்டமாக விரிந்தது.

"சால்வைக்கு வேர்க்குது மேடம்," என்றார் பைண்டர்.

நூலகரின் காதில் இன்னும் நூலகத்துறை இயக்குநரின் குரல்தான் ஒலித்துக்கொண்டிருந்தது. காலையில் கதவைத் திறந்ததும் திறக்காததுமாக வந்த தொலைபேசி அது.

"உங்க வாசிப்புக் கூடத்துல ஏதோ சத்தமாமே?"

"சத்தமா? என் கூடத்துலயா சார்?"

"ஆமாம்மா. உஸ்ஸு உஸ்ஸுன்னு ஏதோ கேக்குதாம். ஒரு வரி நிம்மதியாப் படிக்க முடியலைன்னு வாசகர்கள் ரெண்டு மூணு பேர் நேர்லயே வந்து சொல்லிட்டுப் போனாங்க. ரொம்ப நாளாப் பொறுத்துப் பார்த்தாங்களாம்."

"யார் சார் அவங்க?"

"பேரைச் சொல்லவேண்டாம்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டாங்க. வெள்ளிக்கிழமை நானே வரேன். அதுக்குள்ள என்னன்னு பார்த்து நிறுத்திடுங்க. இல்லேன்னா உங்களைக் கீழ்த்தளக் கிடங்குக்கு மாத்தவேண்டி வரும். எனக்கும் மேல ஆள் இருக்காங்க இல்லையா?"

கிடங்கு! படிக்க ஆளே வராத இடம். பழைய அரசிதழ்களும் கரப்பான்பூச்சிகளும்தான் அங்கே நிரந்தர உறுப்பினர்கள்.

வேறு யாரிடமாவது இப்படிச் சொல்லியிருந்தால் காதில் வாங்கி மறந்திருப்பார்கள். ஆனால் இந்த நூலகருக்கு ஊரார் வைத்த பட்டப்பெயரே 'நிசப்தம் மேடம்'. தெரியாத மாதிரி இருந்தாலும், அந்தப் பேரில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு. கூடத்தின் நாற்காலிக் கால் ஒவ்வொன்றுக்கும் கம்பளித் துண்டு தைத்து மாட்டியவர் அவர். கதவுக் கீல்களுக்கு வாராவாரம் எண்ணெய் விடுவார். டிக் டிக்கென்றதற்காகச் சுவர்க் கடிகாரத்தை இறக்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அதனால் அங்கே யாருக்கும் மணி தெரியாது, ஆனால் அமைதி உண்டு. செய்தித்தாளை எப்படிச் சரசரக்காமல் திருப்புவது என்று புது உறுப்பினர்களுக்குச் செய்முறைப் பயிற்சியே கொடுப்பார்.

அப்படிப்பட்டவர் கூடத்தில் சத்தம் என்றால்?

தொலைபேசியை வைத்த கையோடு காதைத் தீட்டிக்கொண்டு கூடம் முழுக்கச் சுற்றி வந்தார். மின்விசிறி குற்றமற்றது. குழாய் சொட்டவில்லை. ஜன்னல் ஓரத்தில் குறுக்கெழுத்துக்காரர் வழக்கம்போலப் பென்சில் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தினமும் வந்து, எல்லாப் பத்திரிகைக் கட்டங்களையும் நிரப்பிவிட்டுப் போகிற மனிதர். அவருக்கு எதிரே, பரீட்சைக்குப் படிக்கிற பெண். மலைபோல் புத்தகங்களை அடுக்கி அதன் பின்னால் மறைந்துகொள்வாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்றே அங்கே யாருக்கும் தெரியாது. நூலகரின் பார்வையில் அவள்தான் உத்தம வாசகி.

பலகைத் தடுப்புக்குப் பின்னால், பைண்டரும் நூலகரும் பகிர்ந்துகொள்ளும் பின்னறையிலிருந்து வந்தது அந்தச் சத்தம். உஸ்ஸ்ஸ்.

அகப்பட்டது திருட்டுக் கெட்டில். போன மாதம் பிறந்தநாளுக்கு அவர் கணவர் வாங்கிக் கொடுத்தது. அது வந்த நாளிலிருந்துதான் நூலகரும் பைண்டரும் மழையில் நனைந்துகொண்டு தெருமுனை டீக்கடைக்கு ஓடுவதை விட்டிருந்தார்கள். பைண்டர் அதில் தண்ணீர் காய்ச்சித்தான் பசை கலக்குவார்.

சால்வை தோற்றுப்போனதும் நூலகருக்கு வேறொரு யோசனை வந்தது.

"அண்ணே, நிறைகுடம் தளும்பாதுன்னு சொல்லுவாங்க இல்ல?"

"சொல்லுவாங்க."

"நாம எப்பவும் பாதிக் கெட்டில்தான் வைக்கறோம். குறைகுடம், அதான் கூத்தாடுது. இன்னிக்கு நிறைய ஊத்திப் பார்ப்போம்."

"இதுக்கு மேல ஊத்தாதேன்னு உள்ள கோடு போட்டிருக்கே மேடம்."

"கோட்டைப் போட்டவனுக்கு இந்தப் பழமொழி தெரியாது."

கழுத்து வரை ஊற்றினார். பழமொழி கைவிட்டது. தண்ணீர் அதிகமானதால் இரைச்சலும் அதிக நேரம் நீண்டது. கடைசியில் மூக்கு வழியாகக் கொதிநீர் தெறித்து, பைண்டர் அப்போதுதான் கலக்கி வைத்திருந்த பசைக் கிண்ணத்தில் போய் விழுந்தது. கெட்டியாக இருந்த பசை குளமாயிற்று.

"குடம் தளும்பிடுச்சு மேடம்," என்றார் பைண்டர் வருத்தத்தோடு.

ஆனால் நூலகரின் கவனம் பசையில் இல்லை. தலையைச் சாய்த்து, காதைக் கெட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தார்.

"அண்ணே, கவனிச்சீங்களா? சூடாகறப்பதான் அந்தக் கத்து கத்துச்சு. கொதிக்க ஆரம்பிச்சதும் அடங்கிடுச்சு."

"அதெப்படி? கொதிக்கறப்பதானே சத்தம் வரணும்?"

"நானும் இத்தனை வருஷம் அப்படித்தான் நினைச்சேன். வாழ்க்கையில எவ்வளவு தண்ணி காய்ச்சியிருப்பேன்? ஒருநாளாவது காது கொடுத்துக் கேட்டேனா?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இயக்குநரும் இல்லை, கிடங்கும் இல்லை. புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பிரிப்பவரின் முகமாக இருந்தது அது.

அன்று மாலை வீட்டில் அடுப்பு மேல் ஒரு கண்ணாடிப் பாத்திரம் ஏறியது. சூடு தாங்கும் வகை. அதில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நூலகர் எதிரே உட்கார்ந்தார்.

அவர் கணவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். ஊரிலேயே அமைதியான பெண்ணுக்கு ஊரிலேயே உரத்த குரல் வாய்த்திருந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் குரல் மட்டும் வேலையிலேயே இருக்கும்.

"சாப்பாட்டுக்கு வழி இல்லையா? வெறும் தண்ணியை வச்சு என்ன பார்த்துக்கிட்டிருக்கே?"

"இங்க வந்து உக்காருங்க. பேசாம பாருங்க."

அவரும் உட்கார்ந்தார். பேசாமல் இருப்பது மட்டும் அவரால் ஆகவில்லை.

முதலில் பாத்திரத்தின் அடியிலும் பக்கங்களிலும் கடுகு கடுகாகக் குமிழிகள் ஒட்டிக்கொண்டன. அது தண்ணீரில் கரைந்திருந்த காற்று. பிறகு அடியில் பெரிய குமிழிகள் முளைத்தன. அவை நீராவி. கிளம்பிக் கொஞ்சம் மேலே வந்ததும், ஆள் இருந்த இடம் தெரியாமல் மறைந்தன. அந்த நேரத்தில்தான் பாத்திரம் உஸ்ஸென்று இரைய ஆரம்பித்தது.

"பயணிகள் கவனத்துக்கு," என்றார் கணவர். "அடிமட்டத்திலிருந்து மேல்மட்டம் செல்லும் குமிழி இதோ புறப்பட்டுவிட்டது... அட! வழியிலேயே ரத்து."

"ஏன் ரத்தாகுது?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அறிவிக்கறவன், ஓட்டறவன் இல்ல."

நூலகர் விரலை மேல்தண்ணீரில் லேசாக நனைத்துப் பார்த்தார். வெதுவெதுப்புதான்.

"மேல இன்னும் சூடு ஏறலைங்க. அடியில மட்டும்தான் காயுது. ஆவியாக் கிளம்பின குமிழி, மேல குளிர்ந்த தண்ணியைப் பார்த்ததும் பொசுக்குனு அமுங்கிடுது. அது அமுங்கறப்ப சுத்தியிருக்கற தண்ணி வந்து மோதிக்குது பாருங்க, அந்த மோதல்தான் சத்தம். ஒண்ணு ரெண்டு இல்ல, ஆயிரக்கணக்குல!"

"அப்படின்னா குமிழி பிறக்கறப்ப கத்தலை. சாகறப்பதான் கத்துது."

"ஆமாங்க!"

"பாவம்," என்றார் கணவர், முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தி.

இரைச்சல் உச்சத்துக்கு ஏறியது. பிறகு, யாரோ சொல்லி வைத்தாற்போல் தணிந்தது. இப்போது தண்ணீர் முழுக்கச் சூடாகியிருந்தது. குமிழிகள் ஒன்றுகூட வழியில் மறையாமல் மேலே வந்து நிதானமாக உடைந்தன. களக் களக்கென்ற மெல்லிய ஒலி மட்டும்.

"எல்லா வண்டியும் வந்து சேர்ந்தாச்சு," என்றார் கணவர். "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேங்கற மாதிரி, கொதி வரும் பின்னே, ஓசை வரும் முன்னே!"

நூலகருக்கு உடம்பு புல்லரித்தது. தினமும் கண்ணெதிரே நடந்த அதிசயம். இதற்காக யாரும் அனுமதிச் சீட்டுக்கூடக் கேட்டதில்லை. பாத்திரத்தை ஆறவைத்து மறுபடியும் ஏற்றினார், மறுபடியும் பார்த்தார். அன்று இரவுச் சாப்பாடு வெறும் ரொட்டிதான்.

ஆனால் ஞானம் வந்தால் சும்மா இருக்கவிடாது. மறுநாள் பைண்டரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சூடாகறப்பதான் சத்தம் அண்ணே. கொதிச்சுட்டா அமைதி. அப்ப நாம என்ன பண்ணணும்?"

"தண்ணி குடிக்கறதை விட்டுடணுமா?"

"கொதிச்சது ஆறாம பார்த்துக்கணும். காலையில கூடம் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு தரம் கத்தட்டும், யாரும் இருக்க மாட்டாங்க. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் கொதிச்சுக்கிட்டே இருந்தா நாள் பூரா சத்தமே இருக்காது!"

"அதுவா அணைஞ்சுடுமே மேடம்?"

அதையும் நூலகர் யோசித்துவிட்டார். காலையில் கெட்டிலைத் தலைகீழாகத் திருப்பி, மூடியை மூடித் திறந்து, பலவிதமாகச் சோதித்திருந்தார். கொதிக்கும்போது வரும் ஆவி, உள்ளே ஒரு துவாரம் வழியாகக் கைப்பிடிப் பக்கம் இறங்குகிறது. அங்கே ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கிறது. ஆவி பட்டுச் சூடானதும் அது டப்பென்று வளைந்து சுவிட்சைத் தட்டிவிடுகிறது. தண்ணீர் கொதித்துவிட்டது என்று கெட்டிலுக்குத் தெரிவது அப்படித்தான்.

"மூடியைத் திறந்து வச்சா ஆவியெல்லாம் மேல போயிடும். தகட்டுக்குச் சேதியே போகாது. அது பாட்டுக்குக் கொதிச்சுக்கிட்டே இருக்கும். வத்த வத்த நாம ஃபிளாஸ்க்குல இருந்து சுடுதண்ணி சேர்த்தாப் போதும்."

"மேடம், நீங்க இந்த நூலகத்துலயே இருக்க வேண்டிய ஆளே இல்ல," என்றார் பைண்டர். பாராட்டா, எச்சரிக்கையா என்று தெரியவில்லை.

திட்டம் அப்படியே பலித்தது. கெட்டில் மூடியைத் திறந்துகொண்டு, வெற்றிலை போட்ட வாய்போல மெல்ல மென்றபடி கொதித்தது. கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். நூலகர் பெருமிதத்தோடு மேசையில் போய் உட்கார்ந்தார்.

குறுக்கெழுத்துக்காரர் எழுந்து வந்தார். "மேடம், ஒரு சின்ன விஷயம் சொல்லணும்..."

நூலகர் விரலை உதட்டில் வைத்தார். அவர் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

சத்தம் பரவவில்லையென்றாலும் ஆவி பரவியது. அதற்குக் காது கேளாது, விரலை உதட்டில் வைத்தாலும் நிற்காது. முதலில் பின்னறை மங்கியது. பைண்டர் ஒரு வாரமாக ஒட்டி உலரவைத்திருந்த கலைக்களஞ்சிய வரிசை, ஆவி பட்டு இளகியது. அட்டைகள் ஒவ்வொன்றாக வாயைப் பிளந்தன. முதுகுப் பட்டைகள் உரிந்து தொங்கின. "ஐயையோ, 'அ' போச்சு!" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. சற்றுப் பொறுத்து, "'க'வும் போச்சு!"

நூலகர் அடித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடுவதற்குள் ஆவி பலகைத் தடுப்பின் மேலேறிக் கூடத்துக்குள் இறங்கியிருந்தது. குறுக்கெழுத்துக்காரரின் கண்ணாடி வெள்ளையாயிற்று. அவர் கட்டங்களைத் தடவிப் படிக்க முயன்றார். ஆவி இன்னும் மேலே ஏறி, கூரையிலிருந்த புகை அலாரத்தைத் தொட்டது.

கட்டடம் கட்டிய நாளிலிருந்து வாயே திறக்காத அலாரம் அது. எல்லாவற்றுக்கும் சேர்த்துவைத்து அன்று கத்தியது.

வாசகர்கள் தெருவுக்கு ஓடினார்கள். எதிர்க்கடைக்காரர்கள் வாளியோடு வந்தார்கள். பைண்டர் அவிழ்ந்த 'ம'வை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியேறினார். நூலகர் நாற்காலி மேல் ஏறி, துடைப்பக் கட்டையால் அலாரத்தைக் கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் இடித்தார். அது ஓயும்போது அவர் காதுக்குள் இன்னொரு அலாரம் அடித்துக்கொண்டிருந்தது.

"கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையா இருக்கே," என்றார் தெருவில் ஒருவர்.

குறுக்கெழுத்துக்காரர் மறுபடியும் கிட்டே வந்தார். "மேடம், அந்தச் சத்தத்தைப் பத்தி..."

"எனக்கே தெரியும், சொல்லாதீங்க!" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நூலகர் உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் கெட்டிலைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். மூடுவதற்கு முன் மனசு கேட்கவில்லை. கடைசியாக ஒரு கோப்பைத் தண்ணீர் மட்டும் வைத்து, அது இரைந்து, உச்சிக்குப் போய், அடங்கிக் கொதிக்கும் வரை கூடவே நின்றார். அந்த நேரத்தில் அது அவருக்குச் சத்தமாகவே படவில்லை. ஆயிரம் குமிழிகள் மேலே வர முயன்று முயன்று, கடைசியில் வந்துசேர்வதாகத் தோன்றியது.

"எனக்காக விட்டுக்கொடுக்கறீங்களா மேடம்?" என்றார் பைண்டர், பிய்ந்த 'அ'வுக்குப் பசை தடவியபடி.

"கூடத்துக்காக அண்ணே."

வெள்ளிக்கிழமை இயக்குநர் வந்தார். புதுக் காலணி. ஒவ்வோர் அடிக்கும் கீச்சென்றது. நூலகரின் உதடுகள் துடித்தன. ஆனால் மேலதிகாரியின் காலணியை யார் அடக்க முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

இயக்குநர் நின்றார். காது கொடுத்துக் கேட்டார். ஜன்னல் பக்கம் போய்க் கேட்டார். பின்னறையில் குனிந்து கேட்டார்.

"ஒண்ணுமே கேக்கலையே. எது அந்தச் சத்தம்?"

"கெட்டில் சார். கண்டுபிடிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டேன். அது ஏன் கத்துதுன்னு தெரியுமா சார்? எல்லாரும் கொதிக்கறதாலன்னு நினைக்கறோம். ஆனா கொதிக்கறப்ப அது கத்தறதே இல்ல!"

"என்னம்மா சொல்றீங்க?"

நூலகர் சொன்னார். அடியில் பிறக்கும் குமிழி, நடுவழியில் அமுங்குவது, தகடு வளைவது, எல்லாம் சொன்னார். கிடங்குப் பயத்தையும் மறந்து, இரண்டு கையாலும் குமிழி போலச் செய்து காட்டினார். இயக்குநரின் வாய் மெல்லப் பிளந்தது.

"அட! நான் தினமும் காலையில தண்ணி வைக்கறேன். இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலை இதைக் கேக்கறதுதான்," என்றார். பிறகு தோளைத் தட்டிக்கொடுக்காத குறையாக, "நல்ல வேலை பண்ணினீங்க. கிடங்குப் பேச்சே இனி வேண்டாம். சம்பிரதாயத்துக்கு வாசகர்களையும் ஒரு வார்த்தை கேட்டுடறேன்," என்று கூடத்தின் பக்கம் திரும்பினார்.

"என்னங்க, அந்தக் கெட்டில் சத்தம் நின்னுடுச்சு. இப்ப எல்லாருக்கும் திருப்திதானே?"

வாசகர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்தக் கெட்டில்?" என்றார் ஒருவர்.

"இங்க கெட்டில் இருந்துச்சா?" என்றார் இன்னொருவர்.

"பின்னாடி ஏதோ மழை பெய்யற மாதிரி கேக்குமே, அதுவா? அது நல்லாத்தானே இருந்துச்சு, அதை ஏன் நிறுத்தினீங்க?" என்றார் குறுக்கெழுத்துக்காரர்.

"அப்ப நீங்க எதைச் சொன்னீங்க?" என்றார் இயக்குநர்.

அவ்வளவுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். யாருக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்றே புரியவில்லை. நாற்காலிகள் நகர்ந்தன. பென்சில் உருண்டு விழுந்தது. பைண்டர் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, "என்னாச்சு?" என்று கத்தினார். இத்தனை வருடம் கட்டிக்காத்த கூடம், கண்ணெதிரே சந்தைக்கடையாக மாறுவதை நூலகரால் தாங்க முடியவில்லை. அவர் எழுந்து நின்றார். விரல் தானாக உதட்டுக்குப் போயிற்று.

"உஷ்ஷ்ஷ்ஷ்!"

கூடம் சட்டென்று அடங்கியது.

அந்த அமைதியில், புத்தக மலைக்குப் பின்னாலிருந்து பரீட்சைக்குப் படிக்கிற பெண் துள்ளி எழுந்து, முதன்முறையாக வாயைத் திறந்தாள்:

"இதோ, இதுதான் சார் அந்தச் சத்தம்!"